ஹோமி பாபா எப்படி இறந்தார் என்பதை விடுங்கள், எதைக் கட்டினார் என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில், நம் நாட்டு அணுசக்தித் திட்டத்தைத் தொடங்கிய இயற்பியலாளர் ஹோமி பாபாவைப் பற்றி முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். ஆசையாக எடுத்துப் படித்தால் பாதிக்கு மேல் அவர் போன விமானத்தில் யார் குண்டு வைத்தது என்ற கதைதான். ஜனவரி பிறந்தால் இந்தக் கதையும் கூடவே பிறந்துவிடுகிறது. உங்களை மட்டும் சொல்லவில்லை, எல்லோரும்தான் போடுகிறார்கள், யூடியூபைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நான் செங்கல்பட்டு மாவட்டத்தில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலர் கல்பாக்கம் அணுசக்தி நிலையத்தில் நிரந்தர வேலையில் இருக்கிறார்கள், சிலர் அங்கே காண்ட்ராக்டில் போய்வந்தவர்கள். அதனால் இந்த மனிதரை என்னால் தபால்தலையில் இருக்கும் படமாக மட்டும் பார்க்க முடியவில்லை. கடிதம் நீளமாகத்தான் வரும், வெட்டித்தான் போடுவீர்கள், பரவாயில்லை.

முதலில் அந்த விமான விஷயத்தை முடித்துவிடுகிறேன். 1966 ஜனவரி 24, ஏர் இந்தியாவின் போயிங் 707, பெயர் கஞ்சன்ஜங்கா. ஜெனிவாவில் இறங்குவதற்காகத் தாழ்ந்துகொண்டிருந்தபோது ஆல்ப்ஸின் மோன் பிளான் மலையில் மோதியது, உள்ளே இருந்த 117 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பாபா வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையின் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். பிரெஞ்சு விசாரணை சொன்னது இதுதான்: பெய்ரூட்டிலிருந்து கிளம்பும்போதே விமானத்தின் திசைகாட்டும் ரேடியோ கருவிகளில் ஒன்று வேலை செய்யவில்லை, விமானி தாம் இருக்கும் இடத்தைத் தப்பாகக் கணித்தார், தரையில் ரேடார் பார்த்தவர் அதைக் கவனித்துத் திருத்தித்தான் சொன்னார், ஆனால் சொன்ன விதம் தெளிவாக இல்லாததால் மலையைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்து விமானி இன்னும் கீழே இறக்கிவிட்டார். 1950 நவம்பரில் இதே ஏர் இந்தியாவின் மலபார் பிரின்சஸ் விமானம் இதே மலையில், கிட்டத்தட்ட இதே இடத்தில் மோதி 48 பேர் இறந்திருக்கிறார்கள். அதில் போனவர்கள் பெரும்பாலும் கப்பலில் வேலை பார்த்த நம் தொழிலாளர்கள். அதற்கு யாரும் சதிக்கதை எழுதவில்லை.

சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, இந்திரா பிரதமராகப் பதவி ஏற்றதும் அதே ஜனவரி 24, அதனால் சந்தேகம் வருவது மனித இயல்பு, எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் ஆதாரம் என்று போட்டிருப்பது என்ன? சிஐஏயின் முன்னாள் அதிகாரி ஒருவர் பேசியதாக, அவர் இறந்த பிறகு இன்னொருவர் வெளியிட்ட உரையாடல். ஒரு ஆவணம் கிடையாது. இதை வைத்துக்கொண்டு முக்கால் பக்கம் எழுதிவிட்டு, அந்த மனிதர் இருபது வருஷத்தில் இந்த நாட்டில் என்னவெல்லாம் எழுப்பினார் என்பதற்கு நாலு வரி ஒதுக்கினால் எப்படி?

சரி, மனிதருக்கு வருவோம். பம்பாயில் பணக்காரப் பார்சி குடும்பத்தில் 1909இல் பிறந்தவர். மகன் எஞ்சினியராகித் திரும்பி வந்து டாடா கம்பெனியில் உட்காருவான் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். இவர் அங்கிருந்து அப்பாவுக்குக் கடிதம் எழுதி, இந்த வேலை எனக்கு ஒத்துவராது, இயற்பியல்தான் என் வழி என்று சண்டை போட்டு மாறிக்கொண்டார். ஆனால் எஞ்சினியரிங்கையும் முதல் வகுப்பில் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மாறினார். எலெக்ட்ரானும் பாசிட்ரானும் ஒன்றையொன்று சிதறடிப்பதற்கு இன்றைக்கும் உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் பாபா சிதறல் என்றுதான் பெயர். 1939இல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர், ஐரோப்பாவில் போர் வெடித்ததால் திரும்பிப் போக முடியாமல், பெங்களூரில் சர் சி.வி. ராமன் இருந்த இந்திய அறிவியல் கழகத்தில் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியில் உட்கார்ந்தார். அந்தப் போர் வராமல் இருந்திருந்தால் ஆள் கேம்பிரிட்ஜிலேயே தங்கியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது 1944 மார்ச் 12ஆம் தேதி அவர் டாடா அறக்கட்டளைக்கு எழுதிய கடிதத்தைப் பற்றித்தான். அடிப்படை ஆராய்ச்சிக்கு ஒரு நிறுவனம் வேண்டும் என்று கேட்கிறார். அதில் போகிறபோக்கில் ஒரு வரி: இன்னும் இருபது வருஷத்தில் அணுசக்தியிலிருந்து மின்சாரம் எடுக்கிற காலம் வரும்போது, இந்தியா அதற்கான நிபுணர்களை வெளிநாட்டில் தேட வேண்டியிருக்காது, இங்கேயே தயாராக இருப்பார்கள் என்கிறார். தேதியைப் பாருங்கள். ஹிரோஷிமாவுக்கு ஏறக்குறைய ஒன்றரை வருஷம் முன்பு. நாட்டுக்குச் சுதந்திரம் வரவில்லை. வங்காளத்தில் பஞ்சத்தில் செத்தவர்களின் கணக்கே இன்னும் முடியவில்லை. அப்போது ஒருவர் அணு உலையைப் பற்றிப் பேசாமல், உலையை நடத்தப்போகும் ஆளைப் பற்றிக் கவலைப்படுகிறார். முப்பத்தி நாலு வயது.

அந்தக் கடிதத்திலிருந்து வந்ததுதான் 1945இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். பெங்களூரில் தொடங்கி அந்த வருஷக் கடைசியிலேயே பம்பாய்க்குப் போய், பெடர் ரோட்டில் அவருடைய அத்தை வீட்டு பங்களாவில் கொஞ்ச காலம் நடந்தது. அப்புறம் 1957இல் பம்பாய் டிராம்பேயில் இருந்த அணுசக்தி நிலையத்தில் ட்ரெயினிங் ஸ்கூல். நாடு முழுக்கக் கல்லூரி முடித்த பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, உதவித்தொகை கொடுத்து ஒரு வருஷம் உட்காரவைத்துப் பாடம் நடத்தி, தேறியவர்களுக்கு அங்கேயே வேலை. கையில் ஓடுகிற மின் உலை ஒன்றுகூட இல்லாத காலம் அது. முதல் அணுமின் நிலையமான தாராப்பூர் 1969இல்தான் மின்சாரம் விற்க ஆரம்பித்தது, அதுவும் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் கட்டிக்கொடுத்தது. அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே ஆள் பயிற்சி தொடங்கியாயிற்று.

இதன் மதிப்பு 1974இல்தான் தெரிந்தது. பொக்ரானில் முதல் அணுவெடிப்புச் சோதனை நடந்ததும், உலை கட்ட உதவிக்கொண்டிருந்த கனடா கையை உதறிவிட்டுப் போனது. (போனதில் நியாயம் உண்டு. அமைதிப் பணிக்கென்று அவர்கள் கொடுத்த சைரஸ் உலையில் எடுத்த புளூட்டோனியத்தைத்தான் நாம் வெடித்தோம்.) ராஜஸ்தானில் இரண்டாவது உலை பாதியில் நின்றது, கல்பாக்கத்தில் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. வேறொரு நாடாக இருந்தால் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவர்கள் ராஜஸ்தானையும் முடித்தார்கள், கல்பாக்கத்தில் 1983 ஜூலையில் முதல் உலையை ஓட்டியும் காட்டினார்கள்.

கல்பாக்கத்தில் இதைவிட ஒரு நல்ல கதை இருக்கிறது, உங்கள் நிருபர்கள் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அங்கே இருக்கும் சிறிய வேக ஈனுலை (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் வகை), எஃப்பிடிஆர் என்பார்கள், பிரான்சின் ராப்சோடி உலையின் வரைபடத்தை ஒட்டிக் கட்டியது. செறிவூட்டிய யுரேனியத்தை எரிபொருளில் சேர்ப்பதாகத் திட்டம். 1974க்குப் பிறகு அதைக் கொடுக்க யாரும் இல்லை. உலை இருக்கிறது, போடுவதற்கு எரிபொருள் இல்லை. நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்றால், புளூட்டோனியம் கார்பைடு 70 பங்கு, யுரேனியம் கார்பைடு 30 பங்கு என்று உலகத்தில் வேறு எந்த உலையும் முழு எரிபொருளாக வைத்து ஓட்டாத ஒரு கலவையைத் தாங்களே உருவாக்கிப் போட்டார்கள். கார்பைடு என்பது காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கிற சமாச்சாரம், முழுக்க முழுக்க மந்த வாயு நிரப்பிய பெட்டிக்குள் கையை விட்டுத்தான் வேலை பார்க்க வேண்டும். 1985 அக்டோபரில் உலை ஓடியது. பாபா இறந்து இருபது வருஷம் ஆகப்போகிறது அப்போது. அவர் விட்டுச்சென்ற சொத்து என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

ஆள் பிடிக்கும் வித்தை அவருக்கு அணுசக்தியில் மட்டும் இருக்கவில்லை. வெளிநாட்டில் ரேடியோ வானியல் செய்துகொண்டிருந்த கோவிந்த் ஸ்வரூப்பும் நண்பர்களும் இந்தியாவுக்கு வர விரும்புவதாக எழுத, 1962 ஜனவரியில் அவர்களுக்குத் தந்தி போகிறது: குழு அமைக்க முடிவு செய்துவிட்டோம், விவரம் கடிதத்தில். கமிட்டி, டெண்டர் என்று இழுக்கவில்லை. அதன் பலன்தான் ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் ரேடியோ தொலைநோக்கி. மலைச்சரிவின் சாய்வும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய 11 டிகிரியாகப் பொருந்தும்படி தேடிப்பிடித்துக் கட்டினார்கள், அதனால் ஒரே அச்சில் சுழற்றினாலே வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடர்ந்து பார்க்கலாம். 1970இல் முடிந்தது, பார்க்க பாபா இல்லை. ஊட்டிக்குப் போகும் நம் மக்கள் வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள், இது அங்கே இருப்பதே பலருக்குத் தெரியாது.

இதுவரை படித்தால் நான் பாபா பக்தன் என்று நினைப்பீர்கள். பக்தன்தான், பாதி வரைக்கும்.

மீதிப் பாதிக்கு 1948ஐப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் அணுசக்திச் சட்டம் அரசியல் நிர்ணய சபைக்கு வருகிறது. மைசூரைச் சேர்ந்த எஸ்.வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் எழுந்து ஒரு கேள்வி கேட்கிறார்: இங்கிலாந்தில்கூட ராணுவக் காரியத்துக்குத்தானே ரகசியம், நீங்கள் ஏன் அமைதிக்கான ஆராய்ச்சிக்கும் ரகசியம் என்கிறீர்கள்? நேரு சொன்ன பதிலின் சாரம், இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை என்பதுதான். நேர்மையான பதில். ஆனால் அந்த நேர்மையின் மேலேயே அடுத்த எழுபத்தைந்து வருஷத்துக்கான பூட்டும் போடப்பட்டது. 1962இல் வந்த சட்டத்தில் பூட்டு இன்னும் கனமானது.

1948 ஆகஸ்டில் அணுசக்தி ஆணையம். மூன்றே உறுப்பினர்கள்: பாபா, வேதியியலாளர் எஸ்.எஸ். பட்நாகர், இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன். இந்தக் கிருஷ்ணன் நம் வத்திராயிருப்புக்காரர். ராமன் விளைவைக் கண்டுபிடித்தபோது ராமனோடு கூட நின்று வேலை செய்தவர், தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். நீங்கள் போட்ட முழுப்பக்கத்தில் அவர் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. சிஐஏ அதிகாரியின் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகை.

அப்புறம் 1954இல் அணுசக்தித் துறை என்று தனித் துறை, நேரே பிரதமரின் கையில். துறைச் செயலாளர் பாபா. ஆணையத் தலைவர் பாபா. டிராம்பே நிலையத்தின் இயக்குநர் பாபா. டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரும் பாபா. தலைமையிடம் டெல்லியில் வேண்டாம், பம்பாயில் இருக்கட்டும் என்றார், அப்படியே ஆனது. திட்டத்தை எழுதுபவர், பணத்தைக் கேட்பவர், செலவு செய்பவர், சரியாக நடந்ததா என்று பார்ப்பவர், எல்லாம் ஒருவரே. அவர் திறமைசாலி, நேர்மையானவர், நாட்டின் மேல் அக்கறை உள்ளவர், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அந்த நாற்காலியில் பின்னால் யார் உட்காருவார்கள் என்பது அவர் கையில் இல்லையே. நல்லவர் கையில் வேகமாக ஓடிய ஏற்பாடு, அவர் போன பிறகும் கேள்வி கேட்க ஆளில்லாத ஏற்பாடாகவே நின்றுவிட்டது.

அப்போதே எதிர்த்தவர்கள் இருந்தார்கள். மேக்நாத் சாஹா, இயற்பியலில் பாபாவுக்குக் குறைந்தவர் இல்லை, கல்கத்தாவிலிருந்து சுயேச்சையாக மக்களவைக்கு வந்தவர், 1954 மே மாதம் அவையில் இதை விவாதிக்க வைத்தார். இவ்வளவு ரகசியம் எதற்கு, பல்கலைக்கழகங்களை ஏன் ஒதுக்குகிறீர்கள் என்பது அவர் வாதம். தோற்றார். டாடா நிறுவனத்துக்குள்ளேயே டி.டி. கோசாம்பி இருந்தார், கணிதக்காரர், புனேயிலிருந்து தினமும் டெக்கான் குயின் ரயிலில் வந்துபோவார். இந்த நாட்டுக்கு வெயில் இருக்கும்போது அணு எதற்கு என்று ஐம்பதுகளிலேயே கேட்டவர். 1962இல் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கும் பாபாவுக்கும் நடுவே வேறு உரசல்களும் இருந்தன. ஆனாலும் இன்றைக்கு ராமநாதபுரம் கமுதியில் வயல் மாதிரி விரித்துக் கிடக்கும் சூரிய மின்தகடுகளைப் பார்க்கும்போது கோசாம்பியை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சாஹா சொன்ன பல்கலைக்கழக விஷயம் எனக்கு நேரே தெரிந்த விஷயம். கெட்டிக்காரப் பிள்ளைகளையும் பணத்தையும் கருவிகளையும் டிராம்பே போன்ற தீவுகளில் குவித்ததால் தீவுகள் செழித்தன. வெளியே கல்லூரி இயற்பியல் ஆய்வகங்களில் நான் படித்தபோது இருந்த அதே கால்வனோமீட்டரில் என் மாணவர்களும் படித்தார்கள். பாபா இதை வேண்டுமென்று செய்தார் என்று சொல்லவில்லை. பல்கலைக்கழகங்களைச் சரிசெய்யக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது என்று நினைத்திருப்பார், அவருடைய அவசரத்துக்கு அது சரியாகவும் இருந்திருக்கும். ஆனால் விலையைக் கொடுத்தது நாங்கள்.

அடுத்தது எண்கள். 1955இல் ஜெனிவாவில் ஐ.நா. மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். இருபது வருஷத்தில் அணுப்பிணைவு ஆற்றலைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார்கள் என்று அங்கே சொன்னார். 1975 வந்துபோயிற்று, உலகம் இன்னும் முயன்றுகொண்டுதான் இருக்கிறது. 1962இல், 1987க்குள் இந்தியாவில் 20,000 முதல் 25,000 மெகாவாட் அணுமின்சாரம் என்றார். 1987இல் இருந்தது ஆறே உலைகள், ஆயிரம் மெகாவாட்டைச் சுற்றி. 1964 அக்டோபரில் சீனா குண்டு வெடித்ததும் வானொலியில் பேசினார், 10 கிலோடன் குண்டு ஒன்றுக்கு 17.5 லட்ச ரூபாய்தான் ஆகும் என்று ஒரு கணக்கு சொன்னார். அமெரிக்கர்கள் தங்களிடம் எல்லாம் தயாராக இருக்கும் நிலையில் போட்ட கணக்கு அது. உலை, புளூட்டோனியம் பிரிக்கும் ஆலை, சோதனைத் தளம் இவற்றின் செலவெல்லாம் அதில் எங்கே வரும்? ஆனால் சொன்னவர் பாபா ஆயிற்றே, நாடாளுமன்றத்தில் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்குப் பேசினார்கள். அதே பேச்சின் முடிவில் அவர் ஆயுதக் குறைப்பைப் பற்றிப் பேசியதை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை.

பெரிய எண்ணைச் சொன்னது தப்பு என்று நான் வாதாட வரவில்லை. கனவு காண்பவர் பெரிதாகத்தான் சொல்வார், அன்றைக்கு உலகம் முழுக்க இதே மாதிரிதான் பேசினார்கள், 1974க்குப் பிறகு வந்த தடைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சொன்னது நடக்காதபோது யாரும் வந்து ஏன் நடக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை, அதுதான் என் சங்கடம். பாபாவுக்குப் பின் ஆணையத் தலைவராக வந்த விக்ரம் சாராபாய் 2000க்குள் 43,500 மெகாவாட் என்றார், 2000இல் இருந்தது 2,720. இப்போது 8,000 மெகாவாட்டைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறோம், நாட்டின் மொத்த மின்சாரத்தில் 3 சதவீதம் மாதிரி. 2025 பட்ஜெட்டில் 2047க்குள் ஒரு லட்சம் மெகாவாட் என்று அறிவித்திருக்கிறார்கள், சிறிய உலைகளுக்கு 20,000 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள், தனியாரையும் உள்ளே அழைக்கிறார்கள். எண் மட்டும் வழிவழியாக வந்துகொண்டே இருக்கிறது.

இதில் கல்பாக்கம் எங்கே வருகிறது என்றால், நடு மையத்தில். பாபா 1954இல் முன்வைத்த மூன்று கட்டத் திட்டம் உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். நம்மிடம் யுரேனியம் கொஞ்சம், தரமும் மட்டம். தோரியம் ஏராளம், கேரளக் கடற்கரையிலும் நம் மணவாளக்குறிச்சி மணலிலும் மோனசைட்டாகக் கிடக்கிறது. தோரியத்தை அப்படியே அடுப்பில் வைக்க முடியாது. அதனால் முதலில் இயற்கை யுரேனியத்தைக் கனநீர் உலையில் எரித்துப் புளூட்டோனியம் எடு, அந்தப் புளூட்டோனியத்தை வேக ஈனுலையில் போட்டு எரிக்கிற எரிபொருளைவிட அதிகமாகப் பெருக்கு, கூடவே தோரியத்தைச் சுற்றிலும் வைத்து யுரேனியம்-233 ஆக்கு, கடைசியில் அதை வைத்து நாட்டை நடத்து. தாளில் பார்த்தால் இவ்வளவு அழகான திட்டம் எந்த நாட்டிலும் கிடையாது, வகுப்பில் இதை விளக்கும்போது எனக்கே குரல் உயர்ந்துவிடும்.

இந்த மூன்றையும் ஒரே வேலிக்குள் வைத்திருப்பது கல்பாக்கம் மட்டும்தான். கனநீர் உலைகள் இருக்கின்றன. யுரேனியம்-233இல் ஓடும் காமினி என்ற 30 கிலோவாட் குட்டி உலை 1996இலிருந்து இருக்கிறது. நடுவில் இருக்கும் இரண்டாம் கட்டம்தான் 500 மெகாவாட் வேக ஈனுலை. 3,492 கோடிக்கு ஒப்புதல் வாங்கி 2004இல் கட்ட ஆரம்பித்தார்கள், 2010இல் முடியும் என்றார்கள். 2024 மார்ச்சில் பிரதமர் வந்து நிற்க, உலையின் மையத்தில் கம்பிகளை இறக்கும் வேலை தொடங்கியது. செலவு எப்போதோ இரட்டிப்பாகிவிட்டது. திரவ சோடியத்தை வைத்து உலை ஓட்டுவது விளையாட்டில்லை, பிரான்சும் ஜப்பானும் இதில் கையைச் சுட்டுக்கொண்டு விட்டவர்கள், அதனால் தாமதத்தைக் கேலி செய்யத் தோன்றவில்லை. ஏன் தாமதம் என்று தமிழில் ஒரு பத்து வரி எழுதி இந்த ஊர்க்காரர்களுக்குக் கொடுக்க ஆள் இல்லாததுதான் கோபம்.

பூட்டின் விலை என்னவென்று 2003இல் பார்த்தோம். ஜனவரி 21, எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியம் பிரிக்கும் கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒரு வால்வு ஒழுகி அதிகக் கதிர்வீச்சுள்ள கழிவு வரக்கூடாத தொட்டிக்கு வந்துவிட்டது. எச்சரிக்கும் கருவி அந்த இடத்தில் இல்லை. மாதிரி எடுக்கப் போன தொழிலாளர்கள் உட்பட ஆறு பேர் வரம்பைத் தாண்டிக் கதிர்வீச்சு டோஸ் வாங்கினார்கள். ஊருக்குத் தெரிய மாதக்கணக்கில் ஆயிற்று, அதுவும் ஊழியர் சங்கம் சத்தம் போட்டதால். பிறகு பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநரே, நம் நாட்டு அணுசக்தி வரலாற்றில் கதிர்வீச்சுப் பாதிப்பில் இதுதான் மோசமான விபத்து என்று ஒப்புக்கொண்டார். இதில் எனக்கு உறைத்த விஷயம் வேறு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் என்று ஒன்று 1983இலேயே அமைத்திருந்தார்கள். ஆனால் அப்போது அது பதில் சொல்ல வேண்டியிருந்தது அணுசக்தி ஆணையத்துக்கே. போதாததற்கு 2000இல் ஓர் உத்தரவு போட்டு பாபா மையத்தின் ஆலைகளை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலை அந்தக் கணக்கில் வருவது. ஆக விபத்து நடந்த அன்று வெளியிலிருந்து எட்டிப்பார்க்க யாருக்கும் உரிமை இருக்கவில்லை. 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இந்த வாரியத்துக்குச் சுதந்திரம் இல்லை என்று எழுதினார்.

கூடங்குளத்தில் 2011இல் இடிந்தகரை மக்கள் கேட்டதும் அடிப்படையில் இதே கேள்விகள்தான். பதிலுக்குத் தேசத்துரோக வழக்கு வந்தது. அறிவியல் தெரியாத மீனவர்கள் என்று அப்போது நம் பத்திரிகைகள் எழுதியதையும் மறக்கவில்லை. ஒருவருக்கு அறிவியல் தெரியவில்லை என்றால் சொல்லிக்கொடுக்க வேண்டும், நான் முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கியது அதற்குத்தான்.

பாபா ஓவியர், மேற்கத்திய இசை ரசிகர், டாடா நிறுவனம் கட்டும்போது மரங்களை வெட்டவிடாமல் வேரோடு பெயர்த்து நட்டவர், கட்டுமானச் செலவில் ஒரு பங்கை எடுத்து ஓவியம் வாங்கிச் சுவரெல்லாம் மாட்டியவர். ராமன் லேசில் யாரையும் புகழ மாட்டார், அவரே இவரை டாவின்சியோடு ஒப்பிட்டார். இதையெல்லாம் ஒரு பெட்டிச்செய்தியாகப் போட்டிருந்தீர்கள், அதற்கு நன்றி. மலபார் ஹில்லில் அவர் வாழ்ந்த வீட்டை 2014இல் 372 கோடிக்கு ஏலம் விட்டு அப்புறம் இடித்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்திருக்கலாம்.

என் வேண்டுகோள் பெரிதில்லை. அடுத்த ஜனவரிக்கு ஆல்ப்ஸ் மலைக்குப் போக வேண்டாம், ஈசிஆரில் ஒரு பஸ் பிடித்தால் கல்பாக்கம். ஒரு நிருபரை அனுப்புங்கள், இயற்பியல் படித்தவராக இருந்தால் நல்லது. ஈனுலைக்கு இதுவரை மொத்தம் எவ்வளவு செலவு, முழுத் திறனில் என்றைக்கு ஓடும் என்று கேளுங்கள். ட்ரெயினிங் ஸ்கூலில் இப்போது வருஷத்துக்கு எத்தனை பேர் எடுக்கிறீர்கள், ஒரு லட்சம் மெகாவாட்டுக்கு அது போதுமா, தனியார் உலை கட்டினால் அதை ஓட்டப்போகிறவருக்கு யார் எங்கே எத்தனை மாதம் பயிற்சி கொடுப்பார்கள் என்று கேளுங்கள். பாபாவாக இருந்தால் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருப்பார். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு வேலை முடிந்து போகும்போது அவன் வாங்கிய டோஸ் எவ்வளவு என்ற கணக்கு அவன் கையில் காகிதமாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு கிராமத்திலும் அவசர நேரத்தில் எந்தச் சாலையில் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்ற திட்டம் தமிழில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டு, அதைப் படம் எடுத்துப் போடுங்கள். பதில் வந்தால் பதிலைப் போடுங்கள். வராவிட்டால், இந்தத் தேதியில் கேட்டோம், இன்று வரை பதில் வரவில்லை என்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மதுராந்தகம் வட்டம்.